காலியாக வந்த குழாய்

கண்ணு,

மூன்று வாரமாக நாம் இருவரும் தொலைபேசியில் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். என்ன குழம்பு என்று நீ கேட்கிறாய், நான் சொல்கிறேன். அங்கே மழையா என்று நான் கேட்கிறேன், நீ சொல்கிறாய். அதற்குமேல் போக இருவருக்கும் மனமில்லை. அன்றைக்குக் கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில், வையப்பமலை தாண்டியதும், முன்னால் போன கோழி லாரியைப் பார்த்தபடியே நீ கேட்டாய்: "ஒரே ஒரு துண்டு கல்லும்மா. யாருக்குத் தெரியப் போகுது?" நான் பதில் சொல்லவில்லை. வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமலேயே பெங்களூருக்கு வண்டியைத் திருப்பினாய். உனக்காகப் பள்ளிபாளையம் வரை போய் மீன் வாங்கி வந்திருந்த உன் அப்பா, பையைக் கையில் பிடித்தபடி நின்றார். "ஏன், பையன் உள்ள வரலையா?" என்றார். "என் மேல கோபம்" என்றேன். "உம்மேல கோபமில்லாத ஆளு இந்தத் திருச்செங்கோட்டுல யாரு இருக்கறா? அதுக்கு மீனு என்ன பண்ணுச்சு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு உடனுக்குடன் பேச வராது. வகுப்பறையில்கூட ஒரு கேள்விக்கு மறுநாள்தான் சரியான பதில் தோன்றும். ஆகவே எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் எதையாவது காட்டிச் சமாளித்திருக்கக் கூடாதா என்று, ஏறக்குறைய நீ கேட்டதையே வேறு வேறு வார்த்தைகளில் கல்லூரியில் கேட்டார்கள், உறவில் கேட்டார்கள், மாணவர்களின் பெற்றோர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. உனக்கு எழுதுவதை எல்லோரும் படித்துக்கொள்ளட்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சமாதானக் கடிதம் அல்ல.

நான் ராசிபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் என்பது உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பாவு இழை அறுந்தால் முடிந்து, முடிச்சைத் துணியின் பின்பக்கம் தள்ளிவிடுவார்கள். முன்பக்கம் பார்ப்பவருக்கு அங்கே ஒன்று அறுந்தது என்றே தெரியக்கூடாது. அதுதான் வேலை சுத்தம். அதில் எந்தத் தவறும் இல்லை. துணி மனிதன் செய்வது. குறையை மறைக்கும் உரிமை செய்தவனுக்கு உண்டு. பிறகு நான் பாறையைப் படிக்கப் போனேன். பாறை நாம் செய்ததல்ல. அதன் குறையை மறைக்க நாம் யார் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. படித்து முடித்ததும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். கல்லைப் பற்றிப் படித்த மருமகள் வந்துவிட்டாள், இனித் தண்ணீர் இருக்கும் இடத்தை விரலை நீட்டிக் காட்டிவிடுவாள் என்று உன் அப்பா வீட்டில் எதிர்பார்த்தார்கள். நான் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இருக்கலாம்" என்பேன். "இருக்கலாம்னா?" என்பார்கள். "இல்லாமலும் போகலாம்" என்பேன். உன் பெரியப்பா சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, பத்தாவது படிக்காத ஆளு கையில தேங்காய வச்சுட்டு அடிச்சுச் சொல்றானுங்க, இங்க இத்தன அடியில இத்தன தண்ணின்னு. நீங்க இத்தன வருசம் படிச்சுப்போட்டு இருக்கலாங்கறீங்க. தேங்காய்க்கு இருக்கற தைரியம் உங்களுக்கு இல்லீங்களே." அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் 'இருக்கலாம் டீச்சர்'. எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

கல்லூரிக்குப் பின்னால் நாங்கள் நடத்திய துளைப் பயிற்சித் திடலைப் பற்றி நீ அறிவாய். படிப்பவர்கள் அறியமாட்டார்கள் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். மேலாகக் கிடைத்த தாதுக்களைத் தோண்டி எடுத்து வெகுகாலமாகிவிட்டது. இனித் தேட வேண்டியவை ஆழத்தில் இருக்கின்றன. ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அறிய, வைரம் பதித்த பிட் என்னும் வெட்டுமுனையைக் கொண்டு பாறையை வளையமாக வெட்டி, நடுவில் மிஞ்சும் உருளையை ஒரு குழாய்க்குள் பிடித்து மேலே கொண்டு வருகிறோம். அந்த உருளைக் கல்லைத்தான் கோர் என்கிறோம். புவியியல் படித்த பிள்ளைகளும் சுரங்கப் பொறியியல் படித்த பிள்ளைகளும் பட்டம் வாங்கும்வரை அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் பார்த்திருப்பார்கள். குழாயை மேலே இழுக்கும் கம்பிவடம் எந்தச் சத்தத்தில் ஓட வேண்டும், திரும்பி வரும் தண்ணீரின் நிறம் மாறினால் என்ன பொருள், துளைக்குள் இறங்கும் இரும்பு ராடு சுற்றும்போது எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று எதுவும் தெரியாது. வேலைக்குப் போன முதல் நாளில் ரிக் முன்னால் போய் நின்று பேந்தப் பேந்த விழிப்பார்கள். உன் அப்பா தொழிலைக் குறைத்துக்கொண்டபோது மிஞ்சிய பழைய ரிக்கைக் கோர் எடுக்கும்படி மாற்றி, திடலில் நிறுத்தினோம். கல்லூரி இடம் கொடுத்தது. ரிக் ஓட்டக் கந்தசாமி அண்ணன் வந்தார். வடக்கே போகாத மாநிலம் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் பழைய ரிக் ஆள்.

அங்கே நான் கற்றுக்கொடுத்தவற்றில் பிள்ளைகளுக்கு மிகக் கடினமாக இருந்தது இயந்திரம் அல்ல. வெற்றிடத்தை வெற்றிடமாக விடுவதுதான். ஒவ்வொரு முறை குழாய் மேலே வரும்போதும் உள்ளிருக்கும் கோரை வரிசை மாறாமல் மரப்பெட்டியில் அடுக்கி, முடிவில் ஒரு கட்டையில் ஆழத்தை எழுதி வைக்க வேண்டும். பாறை நொறுங்கிய இடத்தில் கோர் முழுதாக வராது. கொஞ்சம் தண்ணீரோடு கரைந்து போயிருக்கும். போன அளவுக்குப் பெட்டியில் இடம் விட்டு, 'இங்கே கோர் இல்லை' என்று கட்டையில் எழுத வேண்டும். பிள்ளைகளின் கை அதைக் கேட்காது. துண்டுகளை நகர்த்தி இடைவெளியை மூடிவிடும். குமாரபாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் எவ்வளவு சொன்னாலும் மூடிக்கொண்டே இருந்தான். "மேடம், சந்து இருந்தாப் பாக்கவே சங்கடமா இருக்குதுங்க" என்றான். எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவன் எந்த வீட்டிலிருந்து வருகிறான் என்பது எனக்குத் தெரியும். நானும் அங்கிருந்துதான் வந்தேன்.

போன மழைக்காலத்தில் திடல் சேற்றில் வழுக்கி விழுந்து என் மணிக்கட்டு உடைந்தது. கட்டு பிரிக்கும்வரை வாரா வாரம் நீ வந்து போனாய். பின்னத் தெரியாமலே எனக்குத் தலை பின்னிவிட்டாய். அப்போதே உன் மனதில் இந்த எண்ணம் விழுந்திருக்க வேண்டும். உன் கம்பெனி செய்யும் சிமுலேட்டரைப் பற்றிக் கல்லூரிச் செயலாளரிடம் நீயே போய்ப் பேசினாய். ஏசி அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, நிஜமான கைப்பிடிகளைத் திருப்பி, துளை போடும் பயிற்சி. சேறு இல்லை, சத்தம் இல்லை, கை உடையாது. அந்த அறைக்கு அம்மாவே பொறுப்பாளர் என்றும் பேசி முடித்துவிட்டாய். எனக்கு எதிராக நீ செய்ததாக நான் ஒருபோதும் நினைக்கவில்லை. என்மேல் உள்ள பிரியத்தில்தான் செய்தாய். என்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை.

செயலாளர் கெட்டவர் அல்ல. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார். காலையில் திடலில் கோர் எடுத்துக் காட்ட வேண்டும், மதியம் நீ சிமுலேட்டரைக் காட்ட வேண்டும். திடல் நீடிக்குமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். எனக்கு அதில் பெரிய கவலை இருக்கவில்லை. முந்தைய சில நாட்களாகப் பாறை கெட்டியாக இருந்தது. கருப்பும் வெள்ளையுமாக, ஈரத்தில் மினுங்கும் நீளமான துண்டுகள் வந்துகொண்டிருந்தன. யார் பார்த்தாலும் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

நீயும் அங்கே நின்றிருந்தாய். ஆனால் நீ செயலாளருக்குப் பக்கத்தில் நின்றாய், நான் ரிக்குக்குப் பக்கத்தில் நின்றேன். அதனால் நீ பார்க்காததைச் சொல்கிறேன். கம்பிவடம் மேலே வந்த விதத்திலேயே கந்தசாமி அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. கனம் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். குழாயைக் கழற்றித் தாங்கியில் கிடத்தும் சாக்கில் என் பக்கம் குனிந்தார். "அம்மிணி, உள்ள ஒண்ணும் இல்லீங்க. பாறை நொறுங்கிப் போச்சு போல. தோள் துண்டுக்குள்ள ஒரு கோரு வச்சிருக்கறனுங்க, நேத்துப் பெட்டியில இருந்து எடுத்தது. இப்படி வாய் மேல துண்டப் போட்டுத் தொடச்சாப்புல உள்ள தள்ளிப்போடறேன். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க."

அவரை மோசக்காரர் என்று நினைத்துவிடாதே. அவர் பழகிய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போர் போடும் இடத்துக்குத் தோட்டத்துச் சொந்தக்காரர் குடும்பத்தோடு வந்து நின்றால், கம்ப்ரசரை முழுதாகத் திறந்து, துளைக்குள் ஊறியிருக்கும் கொஞ்சத் தண்ணீரையும் பனைமர உயரத்துக்குப் பீச்சி அடிக்க வைப்பார்கள். குழந்தைகள் நனைந்து கூத்தாடும். தண்ணீர் அளவு அதனால் கூடிவிடாது. அது வந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. கந்தசாமி அண்ணன் எனக்கும் அந்த மரியாதையைத்தான் செய்ய வந்தார். முந்தின நாளே ஒரு கோர்த் துண்டை எடுத்துத் தயாராக வைத்திருந்தார் என்றால், எனக்காக எவ்வளவு பயந்திருப்பார் என்று யோசி.

தலையை ஆட்டுவது எவ்வளவு சுலபம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எதிரே நீ நிற்கிறாய், செயலாளர் நிற்கிறார். எனக்குப் பின்னால் என் மாணவர்கள் நிற்கிறார்கள். மேகலா பெட்டிக்குப் பக்கத்தில் கட்டையும் மார்க்கர் பேனாவுமாகக் குனிந்திருந்தாள். மேச்சேரிப் பக்கம் ஆடு வளர்க்கும் வீட்டுப் பெண். அவள் கண் துண்டின்மேல் இருந்தது. துண்டுக்குள் என்ன இருக்கிறது என்பதும், முந்தைய நாள் பெட்டியில் எது குறைகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தப் பெட்டியை அடுக்கியவளே அவள்தான். நான் சொன்னேன், "அண்ணா, துண்ட எடுத்துருங்க. குழாயத் திறங்க." கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அவர் முகம் சுருங்கியது. குழாயைத் திறந்து தட்டினார். தட்டில் கொஞ்சம் சாம்பல் நிறச் சேறும், சுண்டைக்காய் அளவுக்கு நாலைந்து கல்லும் விழுந்தன.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். செயலாளர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க மேடம், இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதாங்க."

"எங்க ஊட்டுக் கெணத்துல வாளிய உட்டிருந்தாக்கூட ஒரு தவளையாவது வந்திருக்குமுங்க" என்றார். அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, அதைக் கவனித்தேன். மேகலா கற்களைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்து, மீதி இடத்தை அப்படியே விட்டு, கட்டையில் எழுத ஆரம்பித்தாள். செயலாளருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "ஏம்மா, அதான் ஒண்ணுமே இல்லையே, என்னத்த எழுதற?"

"ஒண்ணும் இல்லைன்னுதானுங்க சார் எழுதறேன்" என்றாள். குரலில் துடுக்கு இல்லை. பதிலைச் சொல்லிவிட்டு எழுதி முடித்தாள்.

மதியம் உன் முறை. நானும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருக்கிறாய். ராடு பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் திரை சிவப்பாகி எச்சரிக்கிறது. முதல் வாரம் பிள்ளைகள் அதில் உட்காரட்டும் என்று நானே சொல்வேன். எத்தனையோ பேரின் விரல்கள் மிஞ்சும். செயலாளர் கைப்பிடியைத் திருப்பினார். குழாய் வந்தது, முழுதாக. மறுபடி திருப்பினார், மறுபடி முழுதாக. திரும்பத் திரும்ப, வெட்டி வைத்த மைசூர்பாகு மாதிரி ஒரே நீளத்தில் கோர் வந்துகொண்டே இருந்தது. "பாருங்க, எனக்கே வருதுங்களே" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். அன்று மாலையே முடிவு வந்தது. திடலை மூடுகிறோம், ரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள், சிமுலேட்டர் அறைக்கு மேடம்தான் தலைமை.

காரில் நான் உன்னிடம் இரண்டு விஷயம்தான் பேசினேன். "உன் மெஷின்ல எப்பவாவது குழாய் காலியா வருமா?" என்று கேட்டேன். "வராதும்மா. காலியா வந்தா வாங்கறவங்க சாஃப்ட்வேர் கோளாறுன்னு நெனச்சுக்குவாங்க" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். பிறகு, கந்தசாமி அண்ணன் துண்டுக்குள் வைத்திருந்த கோரைப் பற்றிச் சொன்னேன். நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். யாருக்குத் தெரியப் போகுது?

உன் வாதம் பலவீனமானதல்ல. அது வெறும் காட்சி, நிஜச் சுரங்கம் இல்லை, அந்தத் துளையை நம்பி யாரும் எதையும் தோண்டப் போவதில்லை, ஒரு துண்டு கல்லால் ஒரு திடல் பிழைத்திருக்கும், பிழைத்திருந்தால் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் உண்மையாகக் கற்றிருப்பார்கள் என்று சொன்னாய். மூன்று வாரமாக இதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். உண்மை கடைசியில் வெல்லும் என்று நான் உனக்கு எழுதப் போவதில்லை. அதை நான் நம்புவதில்லை. அன்றைக்கு அது தோற்றது, உன் கண் முன்னால்தான் தோற்றது. அந்த வெற்றிடத்துக்குக் கீழே ஏதோ புதையல் இருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். நொறுங்கிய பாறை இருக்கிறது. நிலம் என்றோ அங்கே பிளந்திருக்கிறது. அப்படிப்பட்ட பிளவுகளில் சில நேரம் தாது சேரும், பல நேரம் சேராது.

நான் சொல்வது வேறு. ஆழத்தில் சாட்சி கிடையாது. துளைக்குள் யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. துளையின் வாயில் நிற்கும் ஆள் பெட்டியில் எதை எப்படி வைக்கிறாரோ அதுதான் பூமி. பிறகு வருகிறவர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் வரைபடம் போடுவார்கள், கணக்குப் போடுவார்கள், சுரங்கம் இறக்குவார்கள். நொறுங்கிய பாறை இருக்கும் இடத்தில் கெட்டிப் பாறை இருப்பதாக நம்பி மனிதர்கள் உள்ளே போவார்கள். யாருக்கும் தெரியப் போவதில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படையே. நீ அதை எனக்கு எதிரான வாதமாகச் சொன்னாய். நான் நாள்தோறும் வகுப்பில் அதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

காட்சிதானே என்கிறாய். யாருக்குக் காட்சி? செயலாளருக்கு அது காட்சி. மேகலாவுக்கு அது பாடம். வெற்றிடத்தை மூடாதே என்று பருவம் முழுக்க அவள் கையைப் பிடித்து நிறுத்திய நான், எனக்கே ஆபத்து என்று வந்ததும் தலையை ஆட்டினால், அவள் அன்றைக்கு எதைக் கற்றுக்கொண்டு போயிருப்பாள்? மேடம் சொன்னதெல்லாம் சும்மா இருக்கும்போது கடைப்பிடிக்க வேண்டியவை என்று. இன்னும் சில வருடங்களில் அவள் ஏதோ ஒரு மாநிலத்தில், ஏதோ ஒரு ரிக் பக்கத்தில், மேலதிகாரி ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, தனியாக நிற்பாள். அப்போது நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். அவளோடு நான் அனுப்பக்கூடியது அந்த ஒரு காலைப் பொழுதுதான். அதைக் கெடுத்து ஒரு திடலைக் காப்பாற்றியிருந்தால், காப்பாற்றிய திடலில் வேறு என்னத்தைக் கற்றுக்கொடுப்பது? பிட் மாட்டுவதை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொடுப்பார்கள்.

நீ படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் இருந்தபோது, கேட்ட உறவினரிடமெல்லாம் "வேலை கிடைக்கலை" என்று நான் பட்டென்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அப்பா "ட்ரெயினிங்ல இருக்கறான்" என்று சொல்லிச் சமாளித்தார். அதில் நீ என்மேல் வருத்தப்பட்டது நியாயம். அது உன் விஷயம். சொல்வதும் மறைப்பதும் உன் உரிமை. அதற்கு அப்போதே உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இதையும் அதையும் ஒன்றாக்கி, அம்மாவுக்கு நெளிவு சுளிவு தெரியாது என்று காரில் சொன்னாய். தெரியும் கண்ணு. எதை மூடலாம், எதை மூடக்கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துதான் இத்தனை வருடம் ஒரு கூட்டுக் குடும்பத்தில் குப்பை கொட்டினேன். இதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

என் மனதை உறுத்துவது நீ கேட்ட கேள்வி அல்ல, கந்தசாமி அண்ணன் கேட்டது. திடலை மூடிய செய்தி வந்த மறுநாள் அவர் வீட்டுக்கே வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "உங்க நேர்மைய நீங்க காப்பாத்திக்கிட்டீங்க. சரிங்க. அத்தன பேரு முன்னால என்னத் திருடன் மாதிரி நிக்க வச்சுப்போட்டீங்களே" என்றார். துண்டுக்குள் என்ன இருந்தது என்பது எனக்கும் மேகலாவுக்கும் உனக்கும் தவிர யாருக்கும் தெரியாது என்றேன். "எனக்குத் தெரியுமில்லீங்க" என்றார். என் முடிவுக்கு நான் கொடுத்த விலை ஒரு ஏசி அறை. அவர் கொடுத்தது வேலை. இதைச் சமன் செய்யும் சொல் என்னிடம் இல்லை. ஆனாலும் மறுபடி அதே காலை வந்தால் மறுபடி குழாயைத்தான் திறக்கச் சொல்வேன். சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.

சிமுலேட்டர் அறைத் தலைமையை நான் ஏற்கவில்லை. கல்லூரியிலிருந்தே விலகிவிட்டேன். இது உனக்கு இந்தக் கடிதத்தில்தான் தெரிகிறது. திறப்பு விழாவுக்கு என் பெயர் போட்டு அழைப்பிதழ் அடித்திருந்தால் மாற்றச் சொல். போன வாரம் உன் அப்பா ரிக்கைத் திடலிலிருந்து எடுத்து, மல்லசமுத்திரம் தாண்டி நம் மேட்டுக்காட்டுக்கு அவரே ஓட்டி வந்தார். வழியில் டீக்கடையில் யாரோ, "ஏனுங்க, மறுபடியும் போர் போடப் போறீங்களா? தண்ணி எத்தன அடியில?" என்று கேட்டார்களாம். "தண்ணிக்கு இல்லீங்க, பாடம் நடத்தறதுக்கு" என்றாராம். கேட்டவர் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாராம். வாங்க வேண்டிய அனுமதிகளுக்கும் அவரே அலைந்து முடித்துவிட்டார். இந்த வயதில் என்னோடு சேர்ந்து அவரும் கிறுக்காகிவிட்டார் என்று உன் பெரியப்பா சொல்கிறாராம்.

பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். இங்கே சான்றிதழ் கிடையாது. விடுமுறை நாளில் வர வேண்டும், சேற்றில் நிற்க வேண்டும், இதனால் வேலை கிடைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். பாதிப் பேருக்கு மேல் வரவில்லை. குமாரபாளையத்துப் பையன் வருகிறான். மேகலா அப்பாவோடு வந்தாள். அவர் ரிக்கைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னிடம், "என்ற புள்ள இதுல என்னங்க பண்ணுவா?" என்று கேட்டார். "பூமிக்குள்ள என்ன இருக்குதுன்னு இருக்கறத இருக்கறபடி சொல்லுவாளுங்க" என்றேன். "அவ ஊட்டுலயும் அப்படித்தானுங்க, வாயத் தொறந்தா வம்பு" என்று சொல்லிவிட்டு, அவள் பையை என் கையில் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் காட்டுக்குப் போனபோது, கந்தசாமி அண்ணன் ரிக்கின் மேல் உட்கார்ந்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. கூப்பிடும் துணிவு எனக்கு இருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தாமலே சொன்னார்: "கோவம் போகலீங்க, சொல்லிப்போட்டேன். பேச்சுக் குடுக்காதீங்க. இந்த வண்டிய வேற எவனாவது தொட்டான்னா ரெண்டே நாள்ல படுக்க வச்சுருவான், அதுக்குத்தான் வந்தேன்." நான் பேச்சுக் கொடுக்கவில்லை. டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். குடித்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுத் துளை தொடங்குகிறோம். முதல் குழாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. பார்க்க யாரையும் அழைக்கவில்லை. உன்னை மட்டும் அழைக்கிறேன். விடிவதற்குள் கிளம்பினால் நேரத்துக்கு வந்துவிடலாம். பழைய ஷூ போட்டுக்கொண்டு வா, சேறாக இருக்கும். செயலாளர் பக்கத்தில் நின்றதுபோலத் தள்ளி நிற்காதே. பெட்டி அடுக்க ஆள் போதவில்லை. உனக்கு மேகலா வேலை சொல்வாள், கேட்டுச் செய். வர மனமில்லையென்றால் அதையும் நேராகச் சொல்லிவிடு, வேலை இருக்கிறது என்று சொல்லாதே. நீ வந்தாலும் வராவிட்டாலும் காலையில் ராடு இறங்கும்.

உன் அம்மா